குறை கேட்கப் போன இடம்

கமிட்டி என்று ஒன்று கூடினால் மூத்தவர்கள் யோசனை சொல்வார்கள், இளையவன் மாட்டிக்கொள்வான். இந்த உண்மை இளவயதிலேயே எனக்குத் தெரிந்திருந்தால், செல்லூர்ச் சந்து ஒன்றில் கையில் கேசரியோடு விழித்துக்கொண்டு நின்றிருக்க மாட்டேன்.

அப்போது யுத்த காலம். மதுரையில் ஒரு கல்லூரியில் தர்க்க சாஸ்திரம் நடத்திக்கொண்டிருந்தேன். (மாணவர்களுக்கும் புரியவில்லை, எனக்கும் புரியவில்லை. அந்த வகையில் வகுப்பில் நல்ல ஒற்றுமை.) வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை.

அந்தக் கல்லூரியில் ஆசிரியருக்கு ஒரு குறை என்றால் துறைத் தலைவரிடம் சொல்ல வேண்டும். அவர் பிரின்ஸ்பாலுக்கு அனுப்புவார். பிரின்ஸ்பால், "விசாரித்துச் சொல்லவும்" என்று துறைத் தலைவருக்கே திருப்பிவிடுவார். குறையே அந்தத் துறைத் தலைவர் மேல்தான் என்றால், அவர் தம்மைத் தாமே தீர விசாரித்து, தம்மிடம் தவறில்லை என்று கண்டுபிடிப்பார்.

இந்த நடைமுறையைத் திருத்தும்படி மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. கணிதப் பேராசிரியர் காதர் சாயபு கமிட்டித் தலைவர், நான் செயலாளர். வேலை நிரந்தரமாகும் என்ற ஆசையில் வரிந்துகட்டிக்கொண்டு புது விதிகள் எழுதினேன். குறை உள்ளவர் கல்லூரிக்குள் வாய் திறக்கப் பயப்படுவார். ஆகவே செயலாளரே அவர் வீட்டுக்குப் போய் நேரில் கேட்க வேண்டும். வருவதாக முன்கூட்டிச் சொல்லவும் கூடாது. சொன்னால் யாராவது அவரை மிரட்டி வைத்துவிடுவார்களே!

காதர் சாயபு படித்துப் பார்த்தார். "ஏந்தம்பி, இது குறை கேக்குறதா, திருடன் பிடிக்கிறதா?" என்றார். ஆனாலும் ஒப்புக்கொண்டார்.

முதல் வீடாக நான் தேர்ந்தெடுத்தது சரித்திர ஆசிரியர் சின்னச்சாமியின் செல்லூர் வீட்டை. எப்போதும் கடைசி மணி வகுப்பையே தம் தலையில் கட்டுகிறார்கள் என்று அவர் புலம்புவது கல்லூரி முழுக்கத் தெரியும். ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவல் கோட்டும் ஜரிகைத் தலைப்பாகையுமாக (காரியத்துக்கு ஒரு கம்பீரம் வேண்டாமா?) ஜட்காவில் போய் இறங்கினேன்.

வாசலில் நின்ற பெரியவர் ஓடி வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். அவர் சின்னச்சாமியின் பெரியப்பா, உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து வந்திருந்தவர்.

"வாங்க மாப்ள, வாங்க! ஒத்தையிலயா வந்தீக?"

மதுரையில் மாப்ள என்று கூப்பிட உறவு எதுவும் தேவையில்லை. டிக்கெட் பரிசோதகரைக்கூட அப்படித்தான் கூப்பிடுவார்கள். எனக்குச் சந்தேகம் வரவில்லை.

"ஆமாங்க. ஒருத்தர் வந்தாப் போதும்னு முடிவு பண்ணியிருக்கோம். சின்னச்சாமி இல்லையா?"

"உங்கள அழைக்கத்தானே டேசனுக்குப் போயிருக்கான்! வழியில பாக்கலையா?"

சனிக்கிழமை சொந்த ஊரான சோழவந்தானுக்குப் போய் ஞாயிற்றுக்கிழமை ரயிலில் திரும்புவது என் வழக்கம். அது சின்னச்சாமிக்கும் தெரியும். ஆனால் இன்று நான் வரும் செய்தி எப்படிக் கசிந்தது என்றுதான் விளங்கவில்லை. கசிந்தாலும் இவ்வளவு மரியாதையா! நடைமுறை என்றால் இதுவல்லவா நடைமுறை!

புதுப் பாய் விரித்தார்கள். கேசரி வந்தது, பணியாரம் வந்தது. கதவிடுக்கில் நாலைந்து கண்கள் தெரிந்தன. பக்கத்து வீட்டுத் தறிச் சத்தத்தில் நான் கொஞ்சம் உரக்கவே பேச வேண்டியிருந்தது.

"குறைன்னு ஏதாச்சும் இருந்தா இப்பவே சொல்லிடுங்க. பின்னாடி சொன்னா ஏத்துக்க மாட்டாங்க."

பெரியவரின் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. "குறையா? ஒரு குறையும் இல்ல மாப்ள."

"பயப்படாதீங்க. குறை இருக்குன்னு காலேஜு பூராத் தெரியும். ஒங்க வாயால கேக்கத்தான் வந்தேன்."

"காலேஜு பூராவா?"

உள்ளேயிருந்து சின்னச்சாமியின் தாயார் வெளியே வந்துவிட்டார். "எந்தப் பய சொன்னது? ஏத்தா சவுந்தரம், இங்க வா. நடந்து காட்டு!"

ஒரு பெண் வந்தாள். சுவரிலிருந்து சுவர் வரைக்கும் விறுவிறுவென்று நடந்தாள். பிறகு ஒரு ஊசியை எடுத்து, என்னை முறைத்துக்கொண்டே ஒரே குத்தில் நூலைக் கோத்தாள். நான் குழம்பிப்போனேன். கடைசி மணி வகுப்புக்கும் ஊசிக்கும் என்ன சம்பந்தம்? ஒருவேளை சாட்சியோ? தர்க்க சாஸ்திரம் படித்த மூளை அல்லவா, "ரொம்பச் சரி, குறையைப் பத்தி நீங்க பாத்ததை மட்டும் சொல்லுங்க" என்றேன்.

"அய்யோ, எம் மககிட்டக் குறை இருக்குன்னு காலேஜு பூராப் பேசுறாகளாமே!" என்று தாயார் தலையில் அடித்துக்கொண்டு கத்தினார்.

சரியாக அந்த நேரத்தில் சின்னச்சாமி வாசலுக்குள் நுழைந்தார். அவர் பின்னால், தாம்பாளம் ஏந்திய பெண்கள், பட்டு அங்கவஸ்திரம் போட்ட ஒரு பெரியவர், கோட்டும் தலைப்பாகையுமாக ஒரு இளைஞன்.

இளைஞன் என் தலைப்பாகையைப் பார்த்தான். நான் அவன் தலைப்பாகையைப் பார்த்தேன். அந்த நொடியில்தான் எனக்கு விஷயம் புரிந்தது: அன்று அந்த வீட்டில் பெண் பார்க்கும் நாள்.

பட்டு அங்கவஸ்திரக்காரர், "காலேஜு பூராப் பேசுற அளவுக்கு என்ன குறை?" என்று கேட்டார். யாரும் பதில் சொல்வதற்குள், பாயில் உட்காராமலே கூட்டம் திரும்பிப் போய்விட்டது. நானும் கையில் கேசரியோடு பின்வாசல் வழியாகச் சந்துக்கு வந்து விழித்துக்கொண்டு நின்றேன்.

மறுநாள் புது நடைமுறையில் முதல் புகார் வந்தது. கொடுத்தவர் சின்னச்சாமி. யார் மேல் என்று சொல்ல வேண்டியதில்லை.

"நீங்க போய்க் கேளுங்க சார்" என்று காதர் சாயபுவின் காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன்.

அவர் நிதானமாக மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். "செயலாளர்தான் போகணும்னு விதி. விதிய மாத்தக் கமிட்டி கூடணும். கமிட்டியக் கூட்ட வேண்டியது செயலாளர். அவரு மேலயே புகார் இருக்கப்ப அவரு கூட்டக் கூடாது. நல்லாத்தான் எழுதியிருக்கீக தம்பி, போயிட்டு வாங்க."

போனேன். இந்த முறை பாயும் இல்லை, பணியாரமும் இல்லை. சின்னச்சாமி கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என் மேல் இருக்கும் குறையை நானே கேட்டாக வேண்டும்.

"என்ன குறைங்க?" என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"எந்தங்கச்சிக்கு வந்த சம்பந்தம் போச்சு. இதுக்கு மேல என்னய்யா குறை வேணும்?"

அப்போது சௌந்தரம் உள்ளேயிருந்து வந்து அண்ணன் எதிரில் நின்றாள்.

"அந்த எடம் எனக்குப் பிடிக்கலைன்னு எத்தன தடவண்ணே சொன்னேன்? யாரு காதுல வாங்குனீக? இந்த வீட்டுக்குள்ள வந்து குறை இருக்கான்னு கேட்ட மொத ஆளு இவருதான். அவரும் எங்கிட்டக் கேக்கல, பெரியப்பாகிட்டக் கேட்டாரு."

அவளுக்கு ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று நினைத்து நான் சொன்னது இது: "நீங்க ஆசிரியர் இல்லையே. உங்க குறையை ஏத்துக்க விதியில இடமில்லீங்க."

சௌந்தரம் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். கதவைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். என்ன செய்வதென்று தெரியாமல் சின்னச்சாமியும் சிரித்தார். எனக்கு மட்டும் என்ன நடக்கிறது என்று விளங்கவில்லை.

பிரின்ஸ்பால் புது நடைமுறையை அந்த வாரமே குப்பையில் போட்டார். ஆனால் காதர் சாயபு சௌந்தரத்துக்கும் எனக்கும் சம்பந்தம் பேச இரண்டு வீட்டுக்கும் நடையாய் நடந்தார். இரண்டு பக்கத்தாரும் ஏதோ ஒரு வழியில் உறவு என்றும் தெரிய வந்தது. அறுவடை முடிந்ததும் பெரியப்பா சோழவந்தானுக்கு எங்கள் வீட்டைப் பார்க்க வந்தார். போன முறை பட்டது போதாதா? உட்கார்ந்ததும் அவரே என் அம்மாவிடம் கேட்டுவிட்டார்.

"பையன்கிட்டக் குறை ஏதும் உண்டாத்தா?"

அம்மாவுக்குப் பொய் வராது. "உக்காருங்கண்ணே, ஒண்ணா ரெண்டா?" என்று ஆரம்பித்தார். எனக்குப் பல் முளைத்த காலத்தில் தொடங்கி, பள்ளிக்கூடத்துக்கு வருவதற்குள் சாயந்திர ரயில் வந்துவிட்டது. மிச்சத்தைக் கல்யாணத்துக்குப் பிறகு கேட்டுக்கொள்வதாகச் சொல்லிவிட்டுப் பெரியப்பா ஓடினார்.

அந்த மிச்சம் இன்னும் தீரவில்லை. இப்போதும் நல்ல நாளில் உறவெல்லாம் கூடிச் சாப்பிட்டு முடித்ததும் சௌந்தரம் வெற்றிலைத் தட்டை அம்மாவின் பக்கம் நகர்த்தி, "அத்த, போன தடவ எதுல விட்டீக?" என்று கேட்பாள். அம்மா தொண்டையைக் கனைத்துக்கொள்வார்.