பளபளாவின் கூடுவாஞ்சேரிப் பயணம்

கார் பானெட்டில் முகம் பார்த்துச் சவரம் செய்துகொண்ட மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். அவரும் எங்கள் தாம்பரத்துக்காரர். அப்பா அம்மா வைத்த பெயர் என்னவோ, எனக்குத் தெரியாது. இரண்டாயிரத்துச் சொச்சத்தில் செம்பாக்கம் ஏரிப் பக்கம் போய் ‘பளபளா’ என்று கேட்டால் நாய்கூட வழி காட்டும்.

வெளுத்துப்போன பழைய கார்களின் பெயிண்டைத் தேய்த்துப் புதுசாக்குவது அவர் தொழில். தேய்த்தது போதுமா என்று பார்க்க அவரிடம் ஒரே ஒரு பரீட்சைதான். முகத்தில் சோப்பு நுரையோடு பானெட்டின் மேல் குனிந்து, அதில் தெரியும் முகத்தைப் பார்த்து ஷேவ் செய்வார். வெட்டுப்படாமல் முடிந்தால் டெலிவரி. வெட்டுப்பட்டால் மறுபடி காம்பவுண்டு என்கிற பாலிஷ் பசையைப் பூசித் தேய்ப்பார். கன்னத்தில் பிளாஸ்திரியோடு பளபளா டீக்கடைக்கு வந்தால், எவனோ ஒரு பாவிக்கு இன்றைக்கும் கார் கிடைக்காது என்று அர்த்தம்.

அந்தப் பாவிகளில் நானும் ஒருவன் ஆனேன். செகண்ட் ஹாண்டில் ஒரு சின்னக் கார் வாங்கினேன். ஆர்.சி. புத்தகத்தில் சிவப்பு என்று போட்டிருந்தது. நேரில் ரோஸ் மில்க். “இதுல உக்காந்து கோயிலுக்கு வரமாட்டேன்” என்று என் மனைவி தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

பளபளா காரைச் சுற்றி வந்தார். ஜுரம் பார்ப்பதுபோலப் புறங்கையை வைத்துப் பார்த்தார்.

“இன்னா சார், வெயில்லயே போட்டுக் கொன்னுகீறானுங்க. பயப்படாதீங்க. செவப்பு உள்ளதான் கீது. நாளைக்கு வாங்க.”

மறுநாள் போனேன். பிளாஸ்திரி. அதற்கு மறுநாளும் பிளாஸ்திரி. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும், அது எங்கள் தெருவுக்கே தெரியும்.

“நேத்தும் நாளைக்குன்னுதானே சொன்னீங்க?”

“ஆமா சார். அந்த நாளைக்கு இன்னும் வரல.”

இப்படிக் கத்தப் போய்க் கத்தப் போய்த்தான் அவர் ஷெட்டின் மூலையில் இருந்த இன்னொரு காரைக் கவனித்தேன். அதற்கு மட்டும் பூப்போட்ட பெட்ஷீட் போர்த்தியிருந்தது. ஒருநாள் அதைத் தூக்கிப் பார்த்தேன். உள்ளே பழைய கார் ஒன்று, கறுப்பாகத் தகதகவென்று மின்னியது. ஆனால் விளிம்புகளில் பெயிண்டே இல்லை. தேய்த்துத் தேய்த்துத் தகரம் வந்துவிட்டது. பானெட்டைத் திறந்தால் உள்ளே என்ஜினும் இல்லை.

“இது யாருதுங்க?”

“நம்மளுது சார். கோமளாவ இட்டாரத்துக்கு.”

கோமளா அவர் மனைவி. ஒரு கல்யாணத்துக்கு அவளை நல்ல மழையில் சைக்கிளில் வைத்து மிதித்துக்கொண்டு போயிருக்கிறார். பட்டுப்புடவை நாசம். “ஊரான் வண்டியெல்லாம் மினுக்கத் தெரியுது, கட்டினவளுக்கு ஒரு வண்டி இல்ல. சொந்தக் கார்ல வந்து கூப்புடு, அப்ப வர்றேன்” என்று சொல்லிவிட்டு, அவள் கூடுவாஞ்சேரியில் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். போய் வருஷக்கணக்காகிவிட்டது. மனுஷன் அதற்காக இந்தக் கூட்டை வாங்கித் தேய்க்கிறார். பெயிண்ட் போய்விடும். மறுபடி பெயிண்ட் அடிப்பார். மறுபடி தேய்ப்பார்.

“என்ஜின் இல்லாம எப்படிப் போவீங்க?”

“அது அப்பால பாத்துக்கலாம் சார். அவ மொதல்ல பாக்கப்போறது மூஞ்சியத்தான?”

அப்போது அவர் செல்போன் ஒரே ஒரு தரம் அடித்து நின்றது. அவர் எடுக்கவில்லை.

“மிஸ்டு கால் சார். கூடுவாஞ்சேரி. டெய்லி வரும்.”

“அட, திருப்பிக் கூப்பிடுங்களேன்!”

“கூப்ட்டு இன்னானு சொல்றது? வண்டி இன்னும் ரெடியாவலன்னா?”

சொல்லிவிட்டுத் துணியை எடுத்து அந்தக் கறுப்புக் கதவைத் தேய்க்க ஆரம்பித்தார். கோபம் வந்தால் கத்தத் தெரியும். இதற்கு என்ன செய்வது என்று தெரியவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை போனபோது கன்னத்தில் பிளாஸ்திரி இல்லை. என் கார் பழுத்த மிளகாய் நிறத்தில் நின்றது. அப்படியே அசந்துபோனேன். சாவியை வாங்கிக்கொண்டு, “ஏறுங்க” என்றேன்.

“எங்க சார்?”

“கூடுவாஞ்சேரி.”

“ஐயய்யோ, சொந்தக் கார்னு சொல்லிகீறா சார்!”

“யோவ், ஏறுய்யா!” என்று நான் போட்ட சத்தத்தில் ஏரிக் கொக்கெல்லாம் பறந்தது.

ஏறினார். காரின் மேட் அழுக்காகாமலிருக்கக் காலுக்கடியில் தினத்தாளை விரித்துக்கொண்டார். ஜி.எஸ்.டி. ரோட்டில் ஒவ்வொரு சிக்னலிலும் குதித்துப் போய்த் தூசி துடைத்தார். வண்டலூரில் ஒரு காக்கா பானெட்டில் எச்சமிட்டது. நடுரோட்டில் வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கிச் சிகிச்சை செய்தார். பின்னால் வந்த லாரிக்காரர், “சாவுகிராக்கி, வூட்ல சொல்லிகினு வந்தியா?” என்றார். பளபளா பக்தியோடு துடைத்துக்கொண்டிருந்தார்.

கோமளாவின் அம்மா வீட்டுத் தெருமுனை வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டார். “திரும்பிடலாம் சார். பின் டோர்ல ஒரு கீறல் கீது. எனக்குத் தெரியுது.”

அதற்குள் குடத்தோடு வெளியே வந்த கோமளா பார்த்துவிட்டாள். குடத்தைக் கீழே வைத்தாள். காரைப் பார்க்கவே இல்லை.

“இன்னாய்யா, இப்டி எளச்சிட்ட?”

“இது சாரோட கார், கோமளா. நம்மளுது ரெடியாயினு கீது...”

“கார் கெடக்குது கார்! கோவத்துல ஒரு வார்த்த சொன்னா அதையே புடிச்சினு தொங்குவியா? டெய்லி மிஸ்டு கால் குடுக்கறனே, இன்னாடினு ஒரு தபா கேட்டியா? ஷேர் ஆட்டோல வந்திருந்தாலும் வந்திருப்பேனேய்யா!”

பளபளா தோளில் கிடந்த பாலிஷ் துணியால் கண்ணைத் துடைத்தார். முகமெல்லாம் வெள்ளைக் காம்பவுண்டு. அவள் முந்தானையால் அதைத் துடைத்துவிட்டு உள்ளே போனாள். போன வேகத்தில் பையோடு வந்தாள். அவ்வளவு சீக்கிரத்தில் யாராலும் பை கட்ட முடியாது.

திரும்பும்போது இருவரும் பின்சீட்டில். சிக்னல்களில் பளபளா இறங்கவே இல்லை. தாம்பரம் வந்து, செம்பாக்கத்துக்குத் திரும்பவேண்டிய இடத்தில் கண்ணாடியில் பார்த்தேன். கோமளா அவர் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டிருந்தாள். அவர் தோளை அசைக்காமல் உட்கார்ந்திருந்தார்.

“சார்” என்றார், மெதுவாக. “இன்னும் கொஞ்ச தூரம் போலாமா?”

நான் வண்டியைத் திருப்பவில்லை. குரோம்பேட்டை போனது, பல்லாவரம் போனது. விமான நிலையம் வந்தபோதும் எனக்கு வண்டியை நிறுத்த மனசு வரவில்லை. இப்போது அவர்கள் எந்த ஊரில் இருக்கிறார்களோ, தெரியாது. வந்து ஏறி உட்கார்ந்தால் இன்றைக்கும் ஓட்டுவேன், ஒரு வார்த்தை கேட்கமாட்டேன்.