உமையாள் ஆச்சி விதிப்படி கோல்ஃப்

மாமியார் திட்டினால் சமாளித்துவிடலாம். காதில் வாங்காமல் இருக்கலாம், கணவரிடம் வத்தி வைக்கலாம், ரொம்ப முற்றிப்போனால் அம்மா வீட்டுக்குப் பெட்டி கட்டலாம். மாமியார் புகழ ஆரம்பித்தால்தான் தப்பிக்க வழியே கிடையாது. இது நான் பட்டுத் தெரிந்துகொண்டது.

நான் கோயம்புத்தூரில் வளர்ந்தவள். பெங்களூரில் வேலை. வாழ்க்கைப்பட்டது கீழச்சிவல்பட்டியில். என் மாமியார் உமையாள் ஆச்சியின் கைமணத்துக்கு அக்கம்பக்கத்து ஊரிலெல்லாம் பெயர் உண்டு. நானோ புகுந்த வீட்டில் முதன்முதலாகக் குழிப்பணியாரம் ஊற்றியபோது, அது சட்டியை விட்டு வரமாட்டேன் என்று சத்தியாக்கிரகம் செய்தது. (கடைசியில் சட்டியோடு சேர்த்துத்தான் தூக்கிப் போட்டோம்.) அயித்தை (மாமியாரை இங்கே அப்படித்தான் கூப்பிடுவோம்) ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டவும் இல்லை, தேற்றவும் இல்லை. அவர் வாயால் என்னைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை வந்துவிடாதா என்று நான் அன்றிலிருந்து ஏங்கிக் கிடந்தேன்.

வந்தது. படைப்பு அன்றைக்கு வந்தது. படைப்பு என்றால், பங்காளிகள் எல்லாரும் எந்த ஊரில் இருந்தாலும் பெரிய வீட்டுக்கு வந்து, முன்னோருக்குப் படைத்துக் கும்பிட்டு, ஒன்றாகச் சாப்பிட்டு, அதன்பின் வெற்றிலைத் தட்டைச் சுற்றி உட்கார்ந்து அவரவர் மருமகளைப் பற்றிப் பீற்றிக்கொள்ளும் நாள். சிகப்பி ஆச்சிதான் ஆரம்பித்தார். அவர் இரண்டாவது பங்காளி வீட்டுப் பெரிய மனுஷி. என் மாமியாருக்கு ஜென்மப் போட்டி.

“எங்க மருமக வீணை வாசிக்கிறா. கேட்டா அப்படியே உருகிப் போயிருவீக.”

அயித்தை வெற்றிலையில் சுண்ணாம்பு தடவுவதை நிறுத்தினார். “எங்க மருமக கோல்பு ஆடுவா” என்றார்.

எனக்குக் கையிலிருந்த மோர்ச் செம்பு நழுவப் பார்த்தது. நான் கோல்ஃப் மைதானத்தில் கால் வைத்தது வாழ்க்கையில் ஒரே ஒருமுறை. அலுவலக விருந்து. அங்கே யாருடைய மட்டையையோ வாங்கித் தோளில் சாய்த்து ஒரு படம் எடுத்துக்கொண்டேன். பிறகு பிரியாணி சாப்பிடப் போய்விட்டேன். அந்தப் படம்தான் போனில் என் முகப்புப் படம்.

“அப்படியா ஆத்தா?” என்று சிகப்பி ஆச்சி என்னையே கேட்டுவிட்டார்.

இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் அயித்தை என்னைப் பார்த்தார். பணியாரச் சட்டியைப் பார்த்த அதே கண். இப்போது அதில் அப்படி ஒரு பெருமை! எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. வாய் தானாக, “ஏதோ கொஞ்சம் ஆடுவேன் ஆச்சி” என்றது. (தன்னடக்கம் வேறு!)

“நல்லதாப் போச்சு. குச்சிதான் நம்மகிட்டயே இருக்கே. நாளைக்குக் காலையில ஆடிக் காட்டட்டும்” என்றார் சிகப்பி ஆச்சி.

அந்தக் குச்சிகளின் கதையைச் சொல்லிவிடுகிறேன். என் கணவரின் பாட்டையா ரங்கூனில் இருந்தபோது, ஊர் திரும்பிய ஒரு வெள்ளைக்காரத் துரை தன் கோல்ஃப் மட்டைகளை அவருக்கு அன்பளிப்பாகக் கொடுத்தாராம். பாட்டையா ஒருநாளும் ஆடியதில்லை. பத்திரமாகக் கப்பலில் கொண்டுவந்து சேர்த்தார். பின்னால் பாகம் பிரிந்தபோது, திருகாணி வரைக்கும் நாலாகப் பிரித்த நம்மவர்கள் இதையா விடுவார்கள்? நாலு மட்டை, நாலு பங்கு, வீட்டுக்கு ஒன்று.

மறுநாள் காலை நாலும் வறண்ட கண்மாய்க்கு வந்து சேர்ந்தன. மூத்த பங்காளி நாச்சியப்பன் பெரியப்பா கொண்டுவந்தது பெரிய கட்டைத்தலை மட்டை. அதைச் சாமி அறையில் வைத்துக் கும்பிடுகிறார்கள். தலையில் சந்தனமும் குங்குமமும் இருந்தன. சிகப்பி ஆச்சி தங்கள் பங்கைத் தலைகீழாகப் பிடித்து ஊன்றிக்கொண்டே வந்தார். அதுதான் அவருடைய கைத்தடி. மூன்றாவது வீட்டு இரும்புத்தலை மட்டை, விறகடுப்பில் சாம்பல் இழுத்துக் கரிப்பிடித்துக் கிடந்தது. எங்கள் வீட்டு மட்டையை அயித்தை முருங்கைக்காய் பறிக்க வைத்திருந்தார். அதன் தலையைச் சுற்றி நைலான் கயிற்றைப் போட்டு, யானையையே கட்டலாம் என்கிற அளவுக்கு இறுக்கியிருந்தார்.

மூன்றாவது வீட்டுக் குமரப்பன் சிங்கப்பூரில் நிஜமாகவே கோல்ஃப் ஆடுகிறவன். மட்டைகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தான். “அண்ணமிண்டி, (எங்கள் பக்கம் அண்ணியை அப்படித்தான் கூப்பிடுவார்கள்) இதெல்லாம் ஹிக்கரி மரக் கம்பு. இப்ப யாரும் இதுல செய்யுறதில்ல. மெதுவா அடிங்க, தாங்காது” என்றான்.

“எத்தனை குழிப்பா?” என்று கேட்டார் பெரியப்பா.

“பதினெட்டு.”

“பதினெட்டெல்லாம் பதினெட்டாம்படிக் கருப்பருக்கு ஆகும். நமக்கு ஒண்ணு போதும்.”

அந்த ஒன்றுக்கும் பஞ்சாயத்து. குழிக்குள் என்ன புதைப்பது? “பாவம், பச்சப்பிள்ள. நெல்லு அளக்குற மரக்காலைப் புதைங்க” என்றார் பெரியப்பா. “தேவையில்ல. உழக்கே போதும். எங்க மருமக போடுவா” என்றார் அயித்தை. எனக்கு அந்த இடத்திலேயே காய்ச்சல் வருகிற மாதிரி இருந்தது. வரவில்லை.

பந்தை வைக்க மண்ணைக் குழைத்துக் கூம்பாகப் பிடித்தார்கள். பழக்க தோஷத்தில் யாரோ ஒரு ஆச்சி அதன் உச்சியில் அருகம்புல்லைச் செருகிவிட்டார். அவ்வளவுதான், மண் பிள்ளையாராகிவிட்டது. பிள்ளையாரை எப்படி மட்டையால் அடிப்பது? விழுந்து கும்பிட்டுவிட்டு வேறு மண் குழைத்தோம்.

அடுத்த கேள்விதான் பெரிய கேள்வி. முதலில் யாருடைய மட்டை?

“தூரத்துக்குக் கட்டைத்தலை, கிட்டத்துக்குக் கைத்தடி. இடத்துக்குத் தக்கன மாத்தணும்” என்றான் குமரப்பன்.

“அதெப்புடி?” என்று கொதித்துவிட்டார் சிகப்பி ஆச்சி. “ஒரு வீட்டுக்கு ரெண்டு அடி, ஒரு வீட்டுக்கு ஒரு அடியா? முறைப்படி மூத்த வீடு, அடுத்த வீடுன்னு வரட்டும். கோவில்ல மாலை வாங்குறப்ப தூரம் கிட்டம்னா பாக்குறோம்?”

எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள். எனக்கும் நியாயமாகவே பட்டது. (எனக்கு எது பட்டிருந்தால்தான் என்ன!)

மூத்த வீட்டு மட்டையை ஓங்கினேன். ஒரு சுற்றுச் சுற்றி நின்றேன். சேலை முந்தானை பறந்தது, கண்மாய்ப் புழுதி பறந்தது, பந்து மட்டும் அப்படியே உட்கார்ந்திருந்தது. என் கணவர் சொக்கு கருவேல மரத்தை ஆராய்ச்சி செய்ய ஆரம்பித்தார்.

“அடி முடிஞ்சுச்சு. அடுத்து எங்க முறை” என்று சிகப்பி ஆச்சி கைத்தடியை நீட்டினார். நீட்டியதும் ஊன்ற ஒன்றும் இல்லாமல் அவர் தள்ளாடினார். ஓடிப்போய்ப் பிளாஸ்டிக் நாற்காலி கொண்டுவந்து உட்கார வைத்தோம். கைத்தடியால் அடித்ததில் பந்து தவழ்ந்து போய்க் கொஞ்ச தூரத்தில் படுத்தது. “எங்க குச்சிதான் மொதல்ல பந்தைத் தொட்டிருக்கு. எல்லாரும் பாத்துக்கங்க” என்றார் ஆச்சி.

மூன்றாவது வீட்டுச் சாம்பல் மட்டை ஒரு பெரிய மண்கட்டியைப் பெயர்த்தது. நல்ல கட்டி, நேராகப் பறந்தது. பந்துதான் பின்பக்கமாகப் போய்ச் சொக்குவின் முழங்காலில் பட்டது. நாலாவதாக எங்கள் முருங்கைக்காய் மட்டை. பந்து ஓடிப்போய் ஒரு மண் வெடிப்புக்குள் ஒளிந்துகொண்டது. பங்காளிகள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒவ்வொரு வெடிப்பாகக் குனிந்து பார்த்தார்கள். பந்து கிடைத்தது, தேளும் ஒன்று கிடைத்தது.

வெயில் ஏறிவிட்டது. உழக்கு எங்கேயோ இருந்தது, நாங்கள் எங்கேயோ இருந்தோம். சிகப்பி ஆச்சி நாற்காலியில் விசிறிக்கொண்டே, “எங்க மருமக வீணையை இப்புடி வெடிப்புக்குள்ள தேடுனதில்லம்மா” என்றார். நாலு பேர் சிரித்தார்கள். நான் அயித்தையைப் பார்த்தேன். அவர் முகத்திலிருந்த பெருமை அப்படியே வடிந்துகொண்டிருந்தது. எனக்கு அழுகை வந்தது. அதைவிட அதிகமாகக் கோபம் வந்தது.

மறுபடியும் மூத்த வீட்டு முறை. சந்தனம் பூசிய மட்டையை வாங்கினேன். பணியாரம், வீணை, தேள் எல்லாவற்றையும் நினைத்துக்கொண்டு ஒரே அடி.

டமார்!

ஆகா, என்ன ஒரு பறத்தல்! வெயிலில் மின்னிக்கொண்டு, எல்லார் தலைக்கும் மேலே, கருவேல மரத்தையும் தாண்டி அங்குட்டுப் போனது. கண்மாயின் நடுவில் மிச்சமிருந்த ஒரே குட்டையில் தொப்பென்று விழுந்தது. அங்கே படுத்திருந்த எருமை ஒன்று எழுந்து நின்று எங்களைப் பார்த்தது.

கைதட்டல் காதைப் பிளந்தது. பெரியப்பா விசிலடித்தார். “பாத்தீகளா! எங்க மருமக அடியை!” என்று அயித்தை துள்ளினார். நானும் வெட்கத்தோடு குனிந்தேன். குனிந்த இடத்தில் பந்து இருந்தது.

பந்து இங்கே இருக்கிறது. அப்படியானால் பறந்தது? மெல்ல மட்டையைத் தூக்கிப் பார்த்தேன். வெறும் கம்பு. பாட்டையாவின் மட்டை, சாமி அறையில் வைத்துக் கும்பிடுகிற மட்டை, என் கையில் தலையில்லாமல் நின்றது.

கைதட்டல் அப்படியே நின்றது. பெரியப்பா வாயிலிருந்து விரலை எடுக்கவே இல்லை. எருமை மட்டும்தான் மூச்சுவிட்டது. சிகப்பி ஆச்சி விசிறியை மடியில் வைத்துவிட்டு, “என்ன உமையா, இதுதான் கோல்பா?” என்றார்.

பூமி பிளந்தால் உள்ளே போய்விடலாம் என்று பார்த்தேன். பிளந்துதான் இருந்தது, ஆனால் அங்கே தேள் இருந்தது.

அப்போது அயித்தை ஓரடி முன்னால் வந்தார். “ஆமா. இதுதான் கோல்பு. பின்னே என்னன்னு நெனச்சீக? தலைதான் பறக்கணும். பந்து சும்மா ஒரு அடையாளத்துக்கு.”

குமரப்பன் வாயைத் திறந்தான். அயித்தை அவனைப் பார்த்தார். “என்னப்பா, சிங்கப்பூர்ல வேற மாதிரியா?” என்றார். குரல் வெண்ணெயாக இருந்தது. அவன் அன்று மதியம் அயித்தை கையால்தான் சாப்பிட வேண்டும். “இல்ல சின்னாத்தா, அங்கயும் இப்புடித்தான்” என்றான்.

பெரியப்பா ஒருவழியாக வாயிலிருந்து விரலை எடுத்தார். பிறகு அவர் முகம் மெல்ல மலர்ந்தது. “அப்ப எங்க வீட்டு மட்டைதான் ஜெயிச்சிருக்கு!” என்றார்.

அங்கேதான் சனி பிடித்தது. மூத்த வீடு ஜெயித்தால் மற்ற வீடு சும்மா இருக்குமா? சிகப்பி ஆச்சி கைத்தடியை நீட்டினார். “எங்க பங்கு மட்டும் என்ன கொறைச்சலா? இதையும் அடி ஆத்தா.” நான் மாட்டேன் என்று கெஞ்சினேன். கேட்டால்தானே! அடித்தேன். கைத்தடித் தலை கரை வரைக்கும் போனது. குமரப்பன் கண்ணை மூடிக்கொண்டு சாம்பல் மட்டையைக் கொடுத்தான். அதுவும் போனது. ஒவ்வொன்றுக்கும் அப்படி ஒரு ஆரவாரம்; எருமை ஊரைப் பார்க்கக் கிளம்பிவிட்டது.

கடைசியில் எங்கள் முருங்கைக்காய் மட்டை. அடித்தேன். தலை அசையவில்லை. மறுபடி அடித்தேன். என் தோள்பட்டைதான் கழன்றது. அயித்தை கட்டிய கயிறு அப்படி! மூன்று வீடு ஜெயித்து, எங்கள் வீடு மட்டும் தோற்றது. சிகப்பி ஆச்சி ஒரு கையில் மொட்டைக் கம்பை ஊன்றி, மறு கையால் தன் வீணை மருமகளைப் பிடித்துக்கொண்டு வெற்றி நடை போட்டு வீட்டுக்குப் போனார்.

மதியம் அடுப்படியில் அயித்தையும் நானும் மட்டும் இருந்தோம். மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தேன். “அயித்தை, எனக்கு நிஜமா கோல்ஃப்...”

“தெரியாதுன்னு எனக்குத் தெரியும். போட்டாவுல மட்டையப் பிடிச்சிருந்த அழகே சொல்லுச்சு. ஒட்டடைக் கம்பு மாதிரி.”

“அப்புறம் ஏன் சொன்னீங்க?”

“அவ வீணைங்கிறா. நான் என்னத்தச் சொல்ல? உன் பணியாரத்தையா சொல்ல முடியும்?” என்றவர் சிரிக்க ஆரம்பித்தார். அடுப்பை அணைத்துவிட்டுச் சிரித்தார். “எருமை எந்திரிச்சுப் பாத்துச்சே, பாத்தியா?” என்று கேட்டுக் கேட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். இரண்டு பேரும் சுவரைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம். பிறகு என் தோளில் தைலம் தேய்த்துவிட்டார். புகுந்த வீட்டில் நான் மருமகளானது அன்றைக்குத்தான்.

தலைகளையெல்லாம் குமரப்பன் பொறுக்கி எடுத்துப் பசைபோட்டு ஒட்டினான். அடுத்த படைப்பிலிருந்து, உமையாள் ஆச்சி விதிப்படி கோல்ஃப் ஆடுகிறோம். யார் தலை அதிக தூரம் போகிறதோ அவர்கள் வீட்டுக்கு ஜெயம். எங்கள் வீடு இதுவரை ஒருமுறையும் ஜெயித்ததில்லை. கயிற்றை அவிழ்க்க அயித்தை விடுவதில்லை. எங்கள் பங்காளிகளில் யாராவது கொஞ்சம் அளந்துவிட ஆரம்பித்தால், எதிரில் இருப்பவர் சொல்வது இதுதான்: “போதும்ப்பா, எருமை எந்திரிச்சிருச்சு.”

இந்த வருடம் நல்ல மழை. கண்மாய் நிரம்பித் தளும்புகிறது. ஆட்டம் கிடையாது, பிழைத்தோம் என்று இருந்தேன். போன வாரம் அயித்தை போன் செய்தார்.

“சிகப்பிகிட்ட ஒரு வார்த்த சொல்லி வச்சிருக்கேன் ஆத்தா. நீ அக்கரைக்கும் இக்கரைக்கும் நீந்துவேன்னு.”

எனக்கு வாளித் தண்ணீரைக் கண்டாலே பயம். “சரிங்க அயித்தை” என்றேன். நீச்சல் வகுப்பில் சேர்ந்துவிட்டேன். ஆறு வயதுப் பிள்ளைகளோடு என்னையும் சேர்த்து நிறுத்தியிருக்கிறார்கள்.