ஐம்பத்தைந்து இன்ச் மரியாதை

சபரிநாதனின் விரல் நீண்டு நின்ற இடத்தில் கடையிலேயே சின்ன டிவி இருந்தது. அதை விற்பனைக்குக்கூட வைக்கவில்லை. வாசல் கேமராவைப் பார்ப்பதற்காகக் கல்லாவுக்கு மேலே மாட்டியிருந்தார்கள்.

“இதுவே போதுமுங்க மச்சான்.”

வாய்விட்டுச் சொன்ன பிறகுதான், என்ன சொன்னோம் என்பது அவனுக்கே உறைத்தது. பக்கத்தில் நின்ற ஜெகதீஸ்வரனின் முகம் சுருங்கிவிட்டது.

“ஏனுங்க மாப்ளே, எங்கூட்டுச் சீரு அவ்வளவுதானுங்களா?”

ஜெகதீஸ்வரன், சபரிநாதனின் மனைவி சத்யபிரியாவுக்கு அண்ணன். திருச்செங்கோட்டுப் பக்கம் கோழிப்பண்ணை வைத்திருக்கிறார். போன மாதம் சபரிநாதன் நாமக்கல்லில் புது வீடு கட்டிக் குடிபோனபோது, பிறந்த வீட்டுச் சீராக ஒரு ஸ்மார்ட் டிவி எடுத்துத் தருவது என்று பேச்சு. அந்தப் பேச்சு ஒரு மாதமாக ஃபோனிலேயே ஓடியது.

“எது வேணுமோ சொல்லுங்க மாப்ளே.”

“உங்க இஷ்டமுங்க மச்சான்.”

“இல்லீங்க, உங்க இஷ்டந்தான்.”

“அட, உங்க இஷ்டமுங்க.”

இரண்டு பேருமே மரியாதைக்காரர்கள். அதனால் புது ஹாலில் டிவிக்கென்று விட்ட சுவர் வெறும் சுவராகவே நின்றது. வீட்டில் எல்லோரும் சத்யபிரியாவின் செல்ஃபோனைச் சர்க்கரை டப்பாமேல் சாய்த்து வைத்து, தலையோடு தலை முட்டிக்கொண்டு தொடர் பார்த்தார்கள். யாராவது காபிக்குச் சர்க்கரை கேட்டால் கதை நின்றுவிடும்.

இன்று ஞாயிற்றுக்கிழமை. ஜெகதீஸ்வரன் தன் மனைவி தனப்பிரியாவோடு காரில் வந்து இறங்கி, அவளைச் சத்யபிரியாவோடு விட்டுவிட்டு மாப்பிள்ளையோடு கடைக்குக் கிளம்பினார். அதற்கு முன்பே சத்யபிரியா சபரிநாதனைச் சமையலறைக்குள் இழுத்துப் பாடம் நடத்தியிருந்தாள்.

“அண்ணங்கூடக் கடைக்குப் போயி எடுத்துட்டு வந்துருங்க. அம்பத்தஞ்சு இன்ச்சு.”

“சரி.”

“ஆனா நீங்களா கேட்ட மாதிரி இருக்கக்கூடாது.”

“சரி.”

“அதுக்குன்னு வேண்டாம்னும் சொல்லக்கூடாது.”

“அப்பறம் நான் என்னதான் சொல்றது?”

“அது உங்க சாமர்த்தியம். காதுகுத்துல சொன்ன மாதிரி மட்டும் சொல்லிப்போடாதீங்க. மறுக்கா எங்கண்ணன் பேசாமப் போச்சுன்னா நாந் தாங்க மாட்டேன்.”

மூன்று வருடத்துக்கு முன்பு மகளின் காதுகுத்துக்கு மச்சான் தட்டுத் தட்டாகச் சீர் கொண்டுவந்து இறக்கினார். “எதுக்குங்க இதெல்லாம், வேண்டாமுங்க” என்று சபரிநாதன் மரியாதைக்குச் சொன்னான். மச்சான் அதை மனதில் வைத்துக்கொண்டு பதினோரு மாதம் தங்கச்சி வீட்டு வாசலை மிதிக்கவில்லை. பொங்கலுக்கும் வரவில்லை. அந்தப் பொங்கலன்று சத்யபிரியா அடுப்பைப் பார்த்தபடி அழுதது சபரிநாதனுக்கு இன்னும் நினைவிருக்கிறது. இன்னொரு முறை அதைப் பார்க்க அவனுக்குத் தெம்பில்லை.

ஆகவே கடையில் தன் வாயிலிருந்து வந்ததை அவசர அவசரமாகத் திருத்தினான்.

“சும்மா வெளையாட்டுக்குச் சொன்னனுங்க மச்சான். நாங் காட்டுனது இதையில்லீங்க, அதை.”

விரல் கல்லாவிலிருந்து எதிர்ச்சுவருக்குப் போனது. அங்கே இருந்தது எண்பத்தைந்து இன்ச்.

ஜெகதீஸ்வரன் டிவியைப் பார்த்தார். அதன் கீழே ஒட்டியிருந்த விலையைப் பார்த்தார். அந்த வாரம் முட்டை விலை இறங்கிக் கிடந்தது. நாமக்கல்லில் அது யாருக்கும் ரகசியமில்லை. ஆனாலும் மச்சான் வேட்டியை அவிழ்த்து இறுக்கிக் கட்டிக்கொண்டார்.

“செரி, அதையே எடுத்துரலாம்” என்றார்.

சின்னதைக் காட்டினால் அவமானம், பெரியதைக் காட்டினால் பேராசை. சபரிநாதன் லாரி பாடி கட்டும் பட்டறையில் மேனேஜர். பத்துச் சக்கர லாரிக்காரர்களிடம் அடித்துப் பேசுகிறவன். மச்சானிடம் ஒரு டிவியின் நீளத்தைச் சொல்ல அவனால் முடியவில்லை.

நல்லவேளையாக, கடையின் விற்பனைப் பொறுப்பாளர் சரிதா குறுக்கே வந்தார். நாற்பது வயதிருக்கும். இவர்கள் உள்ளே நுழைந்ததிலிருந்து நாற்காலி போட்டு, இரண்டு முறை டீ கொடுத்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் இப்படி ஒரு பொறுமைசாலியா என்று சபரிநாதன் மனதுக்குள் மெச்சிக்கொண்டான்.

“எதுக்கும் உங்கூட்டுச் சொவரு எத்தனை அடின்னு கேட்டுக்குங்கண்ணா” என்றார் சரிதா.

சபரிநாதன் அதைப் பிடித்துக்கொண்டான். வீட்டுக்கு ஃபோன் போட்டான்.

“சத்யா, ஜன்னலுக்கும் சாமி ரூம் கதவுக்கும் நடுவுல எத்தனை அடின்னு அளந்து சொல்லு.”

“அஞ்சரை” என்றாள் அவள், உடனே.

“அளக்கவேயில்லையே நீ. அதென்ன அங்க சத்தம்?”

“பக்கத்துல தண்ணிக்குப் போர் ஓட்டறாங்க. நீங்க அவசரப்படாதீங்க. நல்லா நிதானமாப் பாத்து எடுங்க. சாப்பாட்டுக்கு வந்தாப் போதும்.”

போர் வண்டி ஓடினால் தெருவே அல்லவா அதிரும் என்று அவனுக்குத் தோன்றியது. ஆனால் அதையெல்லாம் யோசிக்கிற நிலையில் அவன் இல்லை.

“அஞ்சரை அடிதானுங்களாம் மச்சான். இந்த டிவி ஆறே கால் அடி. மாட்ட முடியாதுங்க” என்றான், மிகுந்த சந்தோஷத்தோடு.

அந்தச் சந்தோஷம்தான் வினையாகிவிட்டது. ஆசைப்பட்ட பொருளை மச்சானால் கொடுக்க முடியாது என்று நினைத்து மாப்பிள்ளை தட்டிக்கழிக்கிறார் என்று ஜெகதீஸ்வரனுக்குப் பட்டது.

“சொவரு பத்தலைன்னா என்னுங்க? ஜன்னலை அடைச்சுப்போட்டாப் போச்சு.”

சொன்னதோடு நிற்கவில்லை. கொத்தனார் சின்னண்ணனுக்கு ஃபோன் போட்டு, ஸ்பீக்கரிலும் வைத்தார்.

“நாளைக்குக் காலைல ஆளோட வாரனுங்க” என்றது சின்னண்ணனின் குரல். “ஜன்னல் என்னங்க பிரமாதம், சொன்னீங்கன்னா சாமி ரூமையே ரெண்டடி தள்ளிப்போட்டுரலாம்.”

குடிபோய் ஒரு மாதம்தான் ஆகிறது. பெயிண்ட் வாசனைகூட இன்னும் போகவில்லை. சபரிநாதன் பதறினான்.

“கெழக்கு ஜன்னலுங்க மச்சான். அதை அடைச்சா வாஸ்துப்படி ஆகாதுங்க.”

“மாப்ளே, உங்கூட்டுக்கு வாஸ்து பாக்க ஆளைக் கூட்டியாந்ததே நாந்தானுங்க. எனக்கே சொல்றீங்களா?”

ஒவ்வொரு ஓட்டையாக அடைக்கப் போய், ஒவ்வொன்றும் பெரிதாகிக்கொண்டே போனது. ஜெகதீஸ்வரன் முகத்தைத் திருப்பிக்கொண்டு வாஷிங் மெஷின்களைப் பார்க்க ஆரம்பித்தார். காதுகுத்தன்றும் இப்படித்தான் ஆரம்பித்தார், அன்றைக்குப் பந்தல் காலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

சபரிநாதன் சரிதாவை ஃபிரிஜ் வரிசைக்குப் பின்னால் கூட்டிப்போய்க் கும்பிடாத குறையாகக் கேட்டான்.

“அக்கா, அம்பத்தஞ்சு இன்ச்சுதான் ஊட்டுக்கு ஏத்ததுன்னு நீங்களே பேச்செடுங்க. நாஞ் சொன்னதாத் தெரியக்கூடாது.”

“செரிங்கண்ணா” என்றார் சரிதா. சிரிப்பை அடக்குவதுபோல் உதட்டை மடித்துக்கொண்டார். பிறகு போய், ஐம்பத்தைந்தைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பற்றிப் பேசினார்.

முதலில் நாற்பத்து மூன்று. பிறகு அறுபத்தைந்து. அதில் என்னென்ன ஆப் இருக்கிறது, எதற்கு மாதச் சந்தா, எதற்கு வருடச் சந்தா, வைஃபை எந்த மூலையில் வைத்தால் படம் சுற்றாமல் ஓடும், எல்லாம் விளக்கினார். கடைசியாக ரிமோட்டை ஜெகதீஸ்வரனிடம் கொடுத்து, “வாயில சொன்னாலே தேடிக் குடுத்துருமுங்க” என்றார்.

ஜெகதீஸ்வரன் தொண்டையைச் செருமிக்கொண்டார். “ஏனுங்க, சௌகரியப்பட்டா ஒரு நல்ல படமாப் போடுங்க” என்று டிவியிடம் கேட்டார். டிவிக்கும் மரியாதை குறையவில்லை.

ஒன்றே முக்கால் மணி நேரம் போனது. நான்காவது டீயும் வந்தது. சரிதா ஐம்பத்தைந்தின் பக்கமே திரும்பவில்லை. சபரிநாதனால் அதற்கு மேல் முடியவில்லை. எது நடந்தாலும் நடக்கட்டும் என்று வாய்விட்டுக் கேட்டான்.

“ஏனுங்கக்கா, அம்பத்தஞ்சு இன்ச்சு எங்கீங்க?”

“அது ஒண்ணே ஒண்ணுதாங்கண்ணா இருந்துச்சு. நேத்தே போயிருச்சு. அடுத்த லோடு வர இருவது நாளாகும்.”

சபரிநாதன் பக்கத்திலிருந்த அட்டைப்பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டான்.

“மச்சான், நான் சொல்லிப்போடறனுங்க. நீங்க கோவிச்சாலும் பரவால்லீங்க. சத்யா ஆசைப்பட்டது அம்பத்தஞ்சு இன்ச்சு. நாங் கேட்ட மாதிரியும் இருக்கக்கூடாதாம், வேண்டாம்னும் சொல்லக்கூடாதாம். அதான் என்ன பேசறதுன்னே தெரியாமப் பேசிப்போட்டனுங்க. எண்பத்தஞ்செல்லாம் எங்களுக்கு எதுக்குங்க? ஒரு மணி நேரம் பாத்தாக் கழுத்து வலிக்கும்.”

ஜெகதீஸ்வரன் கையிலிருந்த ரிமோட்டைக் கீழே வைத்தார்.

“அம்பத்தஞ்சுங்களா?”

“ஆமாங்க.”

“தனப்பிரியாவும் அதையேதாங்க சொன்னா. நேத்து நாமக்கல் கோயிலுக்கு வந்துட்டுப் போனவ, ஊட்டுக்குள்ள கால் வெச்சதும் இதே பேச்சுத்தான். அம்பத்தஞ்சு எடுங்க, ஆனா நீங்களா முடிவு பண்ணாதீங்க, மாப்ள வாயில இருந்து வரோணும்னு. அதுக்குத்தானுங்க நானும் இத்தனை நேரம் உங்க வாயையே பாத்துட்டிருந்தேன்.”

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“அப்ப காதுகுத்துல எதுக்குங்க மச்சான் அப்படிக் கோவிச்சீங்க? சீர் வேண்டாம்னு சொல்றது ஒரு மரியாதைதானுங்களே. எங்கூட்டுல எல்லாரும் சொல்றதுதானுங்க.”

“எங்கூட்டுலயும் சொல்றதுதானுங்க மாப்ளே. ஆனா ரெண்டு தடவைதான் சொல்லுவோம். நீங்க மூணாவது தடவையும் சொல்லிப்போட்டீங்க. நெசமாவே வேண்டாங்கறீங்கன்னு நெனச்சுட்டேன்.”

“எங்கூட்டுக் கணக்கு மூணுங்க மச்சான்.”

ஜெகதீஸ்வரன் தோள் குலுங்கச் சிரிக்க ஆரம்பித்தார். சபரிநாதனும் சிரித்தான். ஒரு ‘வேண்டாம்’ அதிகமாகிப்போனதற்காகப் பதினோரு மாதம். மூன்று வருடமாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒன்று எழுந்து போனது போல் அவனுக்கு இருந்தது. டிவி கிடைக்காதது இப்போது ஒரு பெரிய விஷயமாகவே படவில்லை. இருபது நாள்தானே, சர்க்கரை டப்பா எங்கேயும் போய்விடாது.

“இங்க இல்லைன்னா என்னுங்க, சேலத்துல கெடைக்கும்” என்று ஜெகதீஸ்வரன் கிளம்பினார். “வாங்க மாப்ளே, சூரமங்கலத்துல நம்ம பழக்கக் கடை ஒண்ணு இருக்குது. அம்பத்தஞ்சோடதான் ஊட்டுக்குள்ள கால் வெக்கறோம்.”

“செரிங்க மச்சான்” என்றான் சபரிநாதன். ஒரு தடவைகூட வேண்டாம் என்று சொல்லவில்லை.

இருவரும் வாசலுக்கு வருவதற்குள் சரிதா ஓடிவந்து கதவை மறித்து நின்றுகொண்டார்.

“அண்ணா, இன்னொரு டீ சொல்லியிருக்கறனுங்க. குடிச்சுப்போட்டுப் போலாமுங்க.”

“அஞ்சாவது டீங்களா? வேண்டாமுங்க.”

“ஒரு பத்து நிமிசந்தானுங்கண்ணா. நாப்பதுல புதுசா ஒண்ணு வந்திருக்குது, அதைப் பாத்துட்டு…”

அப்போது அவர் கையிலிருந்த ஃபோன் அடித்தது. எடுத்துக் காதில் வைத்து, “ஆச்சுங்களாக்கா? ஸ்க்ரூவெல்லாம் செரியா நின்னுருச்சுங்களா? செரிங்க, அனுப்பிடறேன்” என்றார். ஃபோனை வைத்துவிட்டு, ஒரு பெருமூச்சோடு கதவை அகலத் திறந்துவிட்டார்.

“இனி நீங்க ஊட்டுக்கே போலாமுங்கண்ணா. நீங்க பேசி முடிவுக்கு வரமாட்டீங்கன்னு நேத்தே உங்க ரெண்டு பேரு ஊட்டு அக்காங்களும் வந்து எடுத்த அம்பத்தஞ்சை மாட்டியாச்சாம். அது முடியற வரைக்கும் எதையாச்சும் காட்டி உங்களை இங்கியே வெச்சிருக்கச் சொன்னாங்க.”