வலைப்பூவுக்கு ஆள் காட்டிய படலம்

“வெந்நீர் வைக்கத் தெரியாத என்னைப் போய்ச் சமையல் ராணின்னு உட்கார வைக்கிறீங்களே, வெக்கமா இல்ல?”

“கத்தாத, கார் வந்திடும்!”

தெருவுக்கே கேட்டது. ஜன்னலைத் திறந்து வைத்துச் சண்டை போட்டால் யார்தான் காதைப் பொத்திக்கொள்வார்கள்?

சமையல், குழந்தை வளர்ப்பு, வாகனப் பராமரிப்பு என்று மூன்று வலைப்பூக்களை மூன்று பெயர்களில் வலைப்பூக்காரர் ஒருவரே எழுதிவந்தார். சின்ன வலைப்பூக்களையெல்லாம் வளைத்துப்போடும் பெரிய ஊடகக் கம்பெனி அவற்றை விலைக்குக் கேட்டது. எழுதும் மூவரையும் நேரில் பார்க்க வேண்டுமாம். வியாபாரம் படியாவிட்டால் மைத்துனரின் டைல்ஸ் கடையில் வேலைக்கு உட்கார ஸ்டூல் தயார் என்று மனைவி கறாராகச் சொல்லியிருந்தாள்.

ஆகவே, மனைவி சமையல், கல்யாணமாகாத மைத்துனர் குழந்தை வளர்ப்பு, தான் வாகனம் என்று வேடம் பிரித்தார்.

இளம் பெண் அதிகாரி ஒருத்தி வந்து கூடத்தில் அமர்ந்தாள். வயதான டிரைவர் அடுப்படிப் பக்கம் ஒதுங்கினார்.

“குழந்தை விடாம அழுதா என்ன பண்ணணும்?”

மைத்துனருக்கு வியர்த்தது. “அடியில ஈரம் இருக்கான்னு பார்க்கணும் மேடம். இருந்தா நல்லா காயவிட்டு, இடுக்குல சிமெண்ட் பூசிடணும்.”

அவள் சிரிக்கவில்லை. வலைப்பூக்காரர் பேச்சை மாற்றப் பார்த்தார்.

“பிரேக் சத்தம் போட்டா, ரெண்டு சொட்டு எண்ணெய் விட்டாப் போதும் மேடம்.”

அவள் துள்ளி எழுந்தாள். “பிரேக்குல எண்ணெயா? ஆளைக் கொல்லவா?”

போச்சு. “முதல்ல சாப்பிடுங்க, எங்க ராணி கைப்பக்குவம்!” என்று அடுப்படிக்கு ஓடி ஆம்லெட் போட்டார்.

டிரைவரிடம் கிசுகிசுத்தார். “அண்ணே, அந்தம்மா பார்வையே சரியில்ல. வேவு பார்க்குதோ?”

“இருக்கும். ஆம்லெட் பிரமாதம் தம்பி. சமையல் பக்கம் உங்க கைதானா?”

“மூணுமே என் கைதாண்ணே! வெளியில சொல்லிடாதீங்க.”

“சேச்சே.”

கிளம்பும்போது டிரைவர் பின்சீட்டில் சாய்ந்தார். அதிகாரி ஸ்டியரிங்கைப் பிடித்தாள். வலைப்பூக்காரர் திருதிருவென விழித்தார்.

பின்சீட்டுக் கண்ணாடி இறங்கியது. “நான்தான் அதிகாரி. இந்தப் பொண்ணுதான் எங்க டிரைவர். ஆள் மாத்தி உட்கார வைக்க உங்களுக்கு மட்டும்தான் தெரியுமா தம்பி?”

கம்பெனி வாங்கவில்லை. ஆனால் டைல்ஸ் கடையில் வலைப்பூக்காரருக்கு ஸ்டூல் இல்லை, முதலாளி நாற்காலியே கிடைத்தது. மைத்துனர் அந்த டிரைவர் பெண்ணைக் கட்டிக்கொண்டு வெளியூர் போய்விட்டாரே! குழந்தை வளர்ப்பு வலைப்பூவை இப்போது அங்கிருந்து மைத்துனரே எழுதுகிறார். ஈரத்துக்குச் சிமெண்ட் பூசச் சொல்வதில்லையாம்.