ஐயாதுரைக்குக் கண் திறந்த நாள்

நாற்பத்து மூன்று படத்திலும் மனுஷன் கண்ணை மூடிக்கொண்டுதான் இருந்தார்.

பாண்டிசெல்வி காலையிலிருந்து கம்ப்யூட்டரில் ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்த்துவிட்டாள். நாற்காலியில் சாய்த்து, தாடையைச் சேர்த்துக் கட்டிய ஐயாதுரை. கிணற்றில் மிதக்கும் ஐயாதுரை. தண்டவாளத்தில் ஐயாதுரை. சேத்தூர் ஐயாதுரைக்குச் சினிமாவில் பிணம் வேஷம் மட்டும்தான். மூக்கில் ஈ உட்கார்ந்தாலும் அசைய மாட்டார். போன ஆவணியில் நிஜமாகவே போய்ச் சேர்ந்தார்.

அவர் பெயரில், சிறு வேஷத்தில் சிறந்த நடிகருக்கு ஒரு விருது என்று ராஜபாளையம் குறும்பட விழாக் குழு முடிவு செய்தது. ராஜபாளையத்து மண்டபங்களிலெல்லாம் முகூர்த்தம் என்பதால் விழா இன்று மாலை ஸ்ரீவில்லிபுத்தூரில். மேடைக்குப் பத்தடி பேனர், பாண்டிசெல்வி வேலை பார்க்கும் காதர் பாயின் பிளக்ஸ் கடையில். குழுவின் செயலாளர் ஜெபின் ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டிருந்தார்: ஐயாதுரை கண்ணைத் திறந்திருக்க வேண்டும், இது விருது விழா, கண்ணீர் அஞ்சலி இல்லை.

பாண்டிசெல்விக்கு இது வாழ்வா சாவா. போன வாரம்தான் ஒரு காதணி விழா பேனரில் தாய்மாமன் இருக்கவேண்டிய இடத்தில் முதலாம் ஆண்டு நினைவஞ்சலிக்காரரைக் கும்பிடு போட வைத்திருந்தாள். தாய்மாமனோ நினைவஞ்சலியில் விளக்குக்கு நடுவே சிரித்துக்கொண்டிருந்தார். இன்னொரு தப்பு நடந்தால் பழையபடி மில் வேலைக்கே போய்க்கொள்ளலாம் என்று காதர் பாய் சொல்லியிருந்தார்.

ஐயாதுரையின் மனைவி சண்முகத்தாய்க்குப் போன் போட்டாள். "அவிய போட்டோவுக்கு நிக்க மாட்டாவ தாயி" என்றதோடு அந்தம்மா வைத்துவிட்டார். ஆதார் அட்டையின் நகல் ஒன்று ஜெபினிடம் இருந்தது. அதில் கறுப்பாக ஓர் உருவம். அது ஐயாதுரைதான் என்பதற்கு அரசாங்கம் மட்டுமே சாட்சி.

வேறு வழியில்லை. கிணற்றுப் பிணத்தைத் துடைத்து, வெள்ளைச் சட்டை மாட்டி, கடையில் இருந்த ஒரு படத்திலிருந்து இரண்டு கண்ணை எடுத்து ஒட்டினாள். பார்வை கம்பீரமாக இருந்தது.

காதர் பாய் குனிந்து பார்த்தார். "இந்தக் கண்ணை எங்கேயோ பாத்திருக்கேனே."

"கண்ணாடியில பாத்திருப்பிய பாய். உங்க ஹஜ் பயண பேனர்ல இருந்துதான் எடுத்தேன்."

பாய்க்கு வேர்த்துவிட்டது. செத்தவர் மூஞ்சியில் தன் கண்ணா என்று உடனே எடுக்கச் சொன்னார்.

எடுத்துவிட்டுக் கூலிங்கிளாஸ் மாட்டினாள். மாதிரி பார்க்க வந்த ஜெபின், இவர் எந்த வார்டில் நிற்கிறார் என்று கேட்டார். கண்ணாடியும் போயிற்று.

கம்ப்யூட்டரில் கண்ணுக்குப் பஞ்சமில்லை. ஊரில் பாதிப்பேர் முகம் அதில் கிடந்தது. அதுதான் வினை. கவுன்சிலர் கண்ணை வைத்தால் கவுன்சிலர் தெரிந்தார். அரிசி மண்டிக்காரர் கண்ணை வைத்தால் அரிசி மண்டிக்காரர் எட்டிப் பார்த்தார். யாருடைய கண்ணை வைத்தாலும் அந்த ஆளை ஊரே கண்டுபிடித்துவிடும்.

வேன் வந்து ஹாரன் அடித்தது. அப்போதுதான் அவளுக்கு யோசனை உதித்தது. ஆளுக்கொரு கண் எடுத்தால் யாருக்கு அடையாளம் தெரியும்? வலது கண் கவுன்சிலருடையது, இடது கண் அரிசி மண்டிக்காரருடையது. கம்ப்யூட்டரில் உள்ளங்கை அகலத்துக்குப் பார்த்தபோது நன்றாகத்தான் இருந்தது. பிரிண்ட் கொடுத்து, மை காயுமுன் சுருட்டி வேனில் ஏற்றினார்கள்.

மண்டபத்தில் பேனரைத் தூக்கிக் கட்டிய பிறகுதான் பாண்டிசெல்வி அதை முழுசாகப் பார்த்தாள். பத்தடி ஐயாதுரையின் ஒரு கண் ஸ்ரீவில்லிபுத்தூரைப் பார்த்தது. இன்னொரு கண் ராஜபாளையத்தைப் பார்த்தது.

ஜெபின் ஓடிப்போய் ஒரு கண்ணை மறைக்க மாலையைத் தூக்கிப் போட்டார். மாலை சரிந்து நல்ல கண்ணை மூடியது. மிச்சமிருந்தது கூட்டத்தையே பார்க்காமல் சமையல்கட்டுப் பக்கம் பார்த்தது. முன்வரிசையில் யாரோ செருமினார்கள்.

காதர் பாய் அவள் பக்கம் திரும்பாமலே பேசினார். "ஏட்டி, நாளைக்கு வராண்டாம்."

வாசலில் ஆட்டோ வந்து நின்றது. சண்முகத்தாய் இறங்கி நேரே மேடை ஏறினார். மாலையை ஒதுக்கிவிட்டு அண்ணாந்து பார்த்தார். பார்த்துக்கொண்டே நின்றார். முந்தானையால் கண்ணைத் துடைத்தார்.

"இதை யாரு செஞ்சா?"

ஜெபின் பாண்டிசெல்வியைக் கைகாட்டினார். பாயும் அவசரமாக அவளையே கைகாட்டினார். அவள் அந்தம்மா காலில் விழுந்தே விட்டாள்.

"அம்மா, வேணும்னு செய்யல. மன்னிச்சிருங்க. வேலை போயிரும்."

சண்முகத்தாய் அவளைத் தூக்கி நிறுத்தி, கன்னத்தைத் தடவினார். "எங்க வீட்டுக்காரரை நேர்ல பாத்திருக்கியா?"

"இல்லம்மா. ஒருநாளும் பாத்ததில்ல."

"பொறவு எப்படித் தாயி கண்டுபிடிச்ச? இந்த மாறுகண்ணுக்காகத்தான அவிய காலம் பூரா பொணமாவே நடிச்சாவ."