சுருக்கத்தைப் பார்த்துக்கொள்ளவும்

பெருமதிப்பிற்குரிய அத்தானுக்கு,

வணக்கம். இவ்வீட்டில் மூன்று பேரும் பெரிய சேதம் எதுவுமின்றி இருக்கிறோம். அங்கே நீங்களும் அக்காவும் அவ்வண்ணமே இருப்பீர்கள் என்று நம்பி எழுதுகிறேன். போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் இந்த வீட்டில் எந்த அறையில் நின்று பேசினாலும் மற்ற எல்லா அறைகளிலும் கேட்கும். பேச்சோ உங்கள் மருமகளை, அதாவது என் பெண்ணைப் பற்றியது.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் அட்டைப்பெட்டிக் கம்பெனியில் பெட்டிக்கு மேல் படம் போடும் வேலை ஒன்று காலியாக இருப்பதாகவும், அதை அவளுக்கென்றே வைத்திருப்பதாகவும் சொன்னீர்கள் அல்லவா, அதைத் தயவுசெய்து இன்னும் சில நாட்கள் யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள். அவள் அங்கு வந்து சேர்வது அநேகமாக உறுதி. ஓவியத்தில் முதுகலைப் படிப்புக்குப் போன வருடம் விண்ணப்பித்த கல்லூரிகள் எல்லாம் கையை விரித்துவிட்டன. இந்த வருடமும் இடம் கிடைக்காவிட்டால் மாமா கம்பெனிக்குப் போய்விடுகிறேன் என்று அவளே வாயால் ஒப்புக்கொண்டிருக்கிறாள். இந்த வருடம் விண்ணப்பித்த நான்கில் மூன்று இல்லை என்று சொல்லியாகிவிட்டது. பாக்கி இருப்பது ஒன்று. அது நான்கிலும் பெரியது. ஆயிரத்துச் சொச்சம் பேர் கேட்டால் எட்டுப் பேரை எடுக்குமாம். அங்கே என்ன நடந்தது என்பதைக் கீழே எழுதியிருக்கிறேன். யாரையும் குறை சொல்வதற்காக இல்லை. வேலை பார்த்த காலமெல்லாம் இன்சூரன்ஸ் கம்பெனிக்காக மோதிய கார்களைப் பார்த்து, எப்படி மோதின என்று எழுதிக்கொடுத்தவன் நான். அந்தப் பழக்கத்தில் எழுதுகிறேன்.

இந்த விண்ணப்பத்துக்கு மூன்று பேரிடம் சிபாரிசுக் கடிதம் வாங்க வேண்டும் என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சிபாரிசோடு வந்தவர்களை எல்லாம் வாசலோடு திருப்பி அனுப்பியவன் நான். இவர்களோ கல்லூரி என்று பலகை மாட்டிக்கொண்டு கூச்சமே இல்லாமல் மூன்று கேட்கிறார்கள். இரண்டு அவளுடைய வாத்தியார்கள் கொடுத்தார்கள். மூன்றாமவர் வெளியூரில் மாட்டிக்கொண்டதால், அவசரத்துக்கு இருக்கட்டும் என்று கார் பட்டறைக்காரரிடம் நான் ஒன்று வாங்கி வந்தேன். அவரும் பெயின்ட் அடிப்பவர்தானே. "இந்தப் பொண்ணோட அப்பா எங்க பட்டறை பில்லு ஒண்ணைக்கூட முழுசா பாஸ் பண்ணினதில்லை. அவ்வளவு நேர்மையான மனுஷன் பொண்ணு, நம்பி எடுத்துக்கலாம்" என்று சொல்லச் சொல்ல அவர் பையன் தட்டச்சு செய்து, கீழே கம்பெனி முத்திரையும் குத்திக் கொடுத்தார். அவள் அதைப் படித்துவிட்டு வெகுநேரம் சிரித்தாள். அனுப்பவில்லை. வெளியூர் வாத்தியார் எப்படியோ வந்து சேர்ந்து கொடுத்துவிட்டார்.

அடுத்தது படம். அத்தான், இவள் இந்த வருடம் வரைந்தது முழுக்க எங்கள் வீட்டைத்தான். ஈரம் காயாத குளியலறைத் தரை, பாதி திறந்த பீரோ, காபி குடித்த டம்ளர் மேசையில் விட்டுப்போன வட்டம். "நம்ம வீட்டு பாத்ரூமை ஊர் பேர் தெரியாதவங்கெல்லாம் பார்க்கணுமா?" என்று உங்கள் தங்கச்சி கேட்டாள். கேட்டதோடு நிற்காமல், இவள் எதையாவது வரைய உட்கார்ந்தால் முந்திக்கொண்டு போய் அதைத் துடைத்து வைக்கவும் ஆரம்பித்தாள். டம்ளர் வட்டம் இரண்டு தடவை காணாமல் போயிற்று.

இதில் பெரிய படம் என்னுடைய படுக்கை. நான் மத்தியானம் சாப்பிட்டுப் படுத்து எழுந்த பிறகு அந்த வெள்ளை விரிப்பு கசங்கிக் கிடக்கும் அல்லவா, அது. படத்துக்கு 'அப்பா எழுந்த பிறகு' என்று பெயர். "வரையறதுன்னு ஆச்சு, நான் படுத்திருக்கும்போதே வரைஞ்சா என்ன?" என்று கேட்டேன். "நீங்க இருந்தா எல்லாரும் உங்க மூஞ்சியைத்தான் பார்ப்பாங்கப்பா. நீங்க இல்லாதப்பதான், ஒரு ஆள் இங்க எவ்வளவு கனமா இருந்துட்டுப் போயிருக்கார்னு தெரியும்" என்றாள். இதைப் பாராட்டாக எடுத்துக்கொள்வதா, எடையைக் குறைக்கச் சொல்கிறாள் என்று எடுத்துக்கொள்வதா என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. படம் முடியும்வரை சம்பவ இடத்தைக் கலைக்கக்கூடாது என்பதால் நான் கூடத்துச் சோபாவுக்கு மாற்றப்பட்டேன். இதுவரை சரி. அவள் குழந்தைகளுக்கு ஓவியம் சொல்லிக்கொடுக்கப் போயிருந்த ஒரு காலையில் உங்கள் தங்கச்சி அந்த விரிப்பை உருவித் துவைத்து, இஸ்திரி போட்டு, நான்காக மடித்து வைத்துவிட்டாள். வந்து பார்த்தவள் கத்தவில்லை, கட்டிலின் ஓரத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள். "அம்மா, என் சுருக்கமெல்லாம் போச்சும்மா" என்று மட்டும் சொன்னாள். "அழுக்கு விரிப்புக்கு ஒரு அழுகையா?" என்று உங்கள் தங்கச்சி கேட்டாலும், அவளுக்கும் முகம் சரியில்லை.

சுருக்கம்தானே, நான் போட்டுத் தருகிறேன் என்று வாயைக் கொடுத்தேன். சாலையில் டயர் தேய்ந்த தடத்தை வைத்தே வண்டி எந்தப் பக்கம் திரும்பியது என்று சொல்லக்கூடியவன், நான் படுத்த தடத்தை எனக்கே போடத் தெரியாதா? தெரியவில்லை. பக்கத்தில் பெண் பாதி வரைந்த படத்தோடு நின்றால் எவனுக்குத் தூக்கம் வரும்? கண்ணை மூடிக்கொண்டு கிடந்தால், "அப்பா, நீங்க தூங்கலை, தூங்கற மாதிரி நடிக்கறீங்க. சுருக்கத்துல தெரியுது" என்கிறாள். ஒருநாள் அசந்தே தூங்கிவிட்டேன். எழுந்து பார்த்தால் படத்தில் இருப்பதற்கு எதிர்ப் பக்கமாகப் புரண்டிருக்கிறேன். கடைசியில் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு அவளை வெளியே போகச் சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்ட அன்றுதான் உண்மையான சுருக்கம் விழுந்தது. அவள் வந்து பார்த்தாள். என்னைக் கட்டிக்கொண்டாள். உத்தியோகத்தில் எத்தனையோ வேலைகளைச் சரியாகச் செய்திருக்கிறேன். அதற்காக யாரும் என்னைக் கட்டிக்கொண்டதில்லை.

படம் நன்றாக வந்தது என்றுதான் சொல்ல வேண்டும். எனக்கு ஓவியம் தெரியாது. ஆனால் அதன் முன்னால் நின்றால் எனக்கு முதுகு வலித்தது. அவ்வளவு தத்ரூபம்.

படங்களை நல்ல வெளிச்சத்தில் போட்டோ எடுத்து அனுப்ப வேண்டும். அவளுக்கு வகுப்பு இருந்தது. நான்தான் எல்லாவற்றையும் தெருமுனை ஸ்டுடியோவுக்கு எடுத்துப் போனேன். போகும்போது, "இதுல சுருக்கம்தான் உயிரு, அதைப் பார்த்துக்கச் சொல்லுங்கப்பா" என்று சொல்லி அனுப்பினாள். நானும் ஸ்டுடியோக்காரரிடம் ஒரு எழுத்துப் பிசகாமல், "சுருக்கத்தை மட்டும் நல்லா பார்த்துக்குங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன். அவர் வாழ்நாள் முழுவதும் பாஸ்போர்ட் சைஸ் எடுத்துப் பிழைப்பவர். அவரிடம் யார் வந்து சுருக்கத்தைப் பார்த்துக்கொள்ளச் சொன்னாலும் அதற்கு ஒரே அர்த்தம்தான். பார்த்துக்கொண்டார். கம்ப்யூட்டரில் வைத்து ஒரு சுருக்கம் விடாமல் நீவி எடுத்துவிட்டார். கடைசி நாள், நெட் இழுத்துக்கொண்டே இருந்தது, இவளும் பதற்றத்தில் பெரிதாக்கிப் பார்க்காமல் அனுப்பிவிட்டாள். திரையில் தபால்தலை அளவுக்குத் தெரிந்தது வெள்ளை, விரிப்பும் வெள்ளைதானே. விஷயம் தெரிந்த பிறகு நான் போய்க் கேட்டதற்கு, "நீங்கதானே சார் சொன்னீங்க? கல்யாண ஆல்பத்துக்குக்கூட நான் இவ்வளவு மெனக்கெட்டதில்லை" என்று அவர் வருத்தப்பட்டார். அவர் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது.

விஷயம் எப்போது தெரிந்தது என்றால், நேர்காணலில். மற்ற மூன்று கல்லூரிகள் கண்டுகொள்ளாத அந்தப் படத்தைப் பார்த்துத்தான் இந்தப் பெரிய கல்லூரி கூப்பிட்டிருக்கிறது. கம்ப்யூட்டர் வழியாகத்தான் பேச்சு. அவள் மேசையில், நான் கதவுக்குப் பின்னால். அந்தப் பக்கம் மூன்று பேர்; தலைவி ஒரு நரைத்த தலைக்கார அம்மாள். அவர் அந்தப் படத்தைத் திரையில் போட்டார். ஒரு மடிப்பு, ஒரு நெளிவு இல்லாத வெள்ளை விரிப்பு. கீழே 'அப்பா எழுந்த பிறகு'. அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "இதைப் பார்த்துட்டு ரெண்டு நாள் எனக்கு வேற வேலை ஓடலைம்மா. ஒருத்தர் போனப்புறம் அந்தப் படுக்கையில அவரோட தடம்கூட மிச்சம் இல்லைங்கறதை இவ்வளவு தைரியமா யாரும் வரைஞ்சு நான் பார்த்ததில்லை. அப்பா எப்போ தவறினார்?" என்றார். மற்ற இருவரும் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

அத்தான், நான் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். தவறியவன் என்ற முறையில் மூச்சை அடக்கிக்கொண்டேன். இருமல் வந்தது, அதையும் விழுங்கினேன். இவள் ஒரு வார்த்தையும் பேச வேண்டாம். தலையை லேசாக ஆட்டினால் போதும், அந்த எட்டு இடங்களில் ஒன்று இவளுக்குத்தான். நான் இறந்ததில் எனக்கு எந்த ஆட்சேபணையும் இல்லை. இவள் திரையையே கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள். பிறகு, "மேடம், இது நான் வரைஞ்சது இல்லை. போட்டோ எடுத்தவர் சுருக்கத்தையெல்லாம் எடுத்துட்டார் போல. எங்க அப்பா நல்லா இருக்கார். கதவுக்குப் பின்னாடிதான் நிக்கறார்" என்றாள். அப்பா, வாங்கப்பா என்று என்னைக் கூப்பிட்டாள். நான் போய்க் கும்பிட்டேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை. எனக்கு அனுதாபம் சொன்ன மூன்று பேரும் என்னைப் பார்த்துத் திரும்பக் கும்பிட்டார்கள். அப்புறம் இவள் அசல் படத்தைத் தூக்கிக் கேமராவுக்கு முன்னால் பிடித்தாள். எங்கள் வீட்டு டியூப்லைட் வெளிச்சத்தில் அது என்ன தெரிந்திருக்கும்? "சரிம்மா, பார்த்தோம்" என்றார் அந்த அம்மாள். குரல் சப்பென்று இறங்கிவிட்டது.

உயிரோடு இருக்கும் ஆளை இறந்ததாகக் காட்டி இன்சூரன்ஸ் பணம் கேட்டவர்களைப் பற்றி ஆபீசில் கேள்விப்பட்டிருக்கிறேன். ஆனால் கேட்காமலே கொடுக்க வந்தபோது, இல்லை, இருக்கிறார் என்று சொன்ன ஆள் இவள் ஒருத்திதான். பிழைக்கத் தெரியாதவள் என்று உங்கள் தங்கச்சி சொல்கிறாள். அது இருக்கட்டும். ஆனால் பிழைக்கத் தெரியாதவளுக்கு மாதச் சம்பளம் வருகிற வேலை ஒன்று வேண்டும் என்பது மட்டும் தெளிவு. பெட்டிமேல் குடை படமும் கண்ணாடி டம்ளர் படமும் போடுவதும், எந்தப் பக்கம் மேலே என்று அம்புக்குறி போடுவதும் ஓவியம்தான். ஆகவே அந்த இடத்தை அவளுக்கு வைத்திருக்கும்படி மீண்டும் கேட்டுக்கொள்கிறேன். உங்களிடம் நான் இதுவரை எதுவும் கேட்டதில்லை என்பதை நினைவூட்டவும் விரும்புகிறேன்.

அக்காவுக்கு எங்கள் மூவரின் வணக்கங்கள். முழங்காலைப் பார்த்துக்கொள்ளச் சொல்லவும். நீங்களும் கம்பெனியும் தொழிலாளர்களும் ஒரு குறையுமில்லாமல் நீடூழி இருக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மைத்துனன்

பி.கு.: கடிதத்தை ஒட்டப் போகும் நேரத்தில் கல்லூரியின் பதில் வந்துவிட்டது. இடம் இல்லை. அவள் இரண்டு தடவை படித்தாள். முகம் கழுவிக்கொண்டு வந்து, அம்மாவுக்கு வெங்காயம் நறுக்கிக்கொடுத்தாள். அப்புறம் என்னிடம், "அடுத்த வாரம் மாமாவுக்கு போன் பண்ணி, வரேன்னு சொல்லிடறேன்பா" என்றாள். அழாமல், சண்டை போடாமல், சாதாரணமாகச் சொன்னாள். இரண்டு வருடமாக நான் காத்திருந்த வார்த்தை இதுதான் அத்தான். கேட்டதும் போய் அந்தப் படுக்கைப் படத்தின் முன்னால் நின்றுகொண்டேன். சாப்பிட முடியவில்லை. ஆகவே மேலே எழுதியிருப்பதை எல்லாம் மறந்துவிடுங்கள். அவள் போன் செய்வாள். இடம் நிரம்பிவிட்டது என்று சொல்லுங்கள். அடுத்த வருடம் காலியாகுமா என்று கேட்டால், ஆகாது என்று சொல்லுங்கள். போனை அக்காவிடம் மட்டும் கொடுத்துவிடாதீர்கள், அவள் இரக்கப்பட்டு வேலையைக் கொடுத்துவிடுவாள்.