பொறுப்பல்ல சாரும் எங்கள் தெரு வேனும்

உலகத்திலேயே ஜாக்கிரதையான மனிதர் யார் என்று போட்டி வைத்தால், எங்கள் நீலசந்திரா தெருவின் பொறுப்பல்ல சார் போட்டிக்கே வர மாட்டார். பரிசுக் கோப்பை தவறி விழுந்தால் காலில் அடிபடுமே என்று வீட்டிலேயே இருந்துவிடுவார். ஒரு பெரிய வக்கீலிடம் முப்பது வருஷம் டைப்பிஸ்ட்டாக இருந்து ரிட்டையர் ஆனவர். ஊரே "சொல்ப அட்ஜஸ்ட் மாடி" என்று அனுசரித்துப் போகும் பெங்களூரில், அவர் ஒருவர்தான் "எழுத்துல குடுங்க" என்பார். வீட்டு கேட்டில் 'நாய் கடித்தால் நிர்வாகம் பொறுப்பல்ல' என்று பலகை. வீட்டில் நாயே கிடையாது. கேட்டால், தெரு நாய் உள்ளே வந்துவிட்டால் என்ன செய்வது என்பார். மகள் கல்யாணப் பத்திரிகையில், சாம்பாரில் முருங்கைக்காய் உண்டு, பார்த்துச் சாப்பிடவும் என்று அச்சடித்த மகான் அவர்.

இப்படிப்பட்டவர் கையில்தான் எங்கள் வேன் சிக்கியது.

தெருச் சங்கத்தின் பழைய வேன் அது. ஓட்டத் தெரிந்த நாங்கள் ஆறு பேர் முறை வைத்துக்கொண்டு, தெருக்காரர்களை ஆஸ்பத்திரிக்கு இலவசமாகக் கூட்டிப் போவோம். இட்லிக்கடை செல்வி அக்காவுக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். வேன்தான் அவருக்கு உயிர். ஒருநாள், வேறு ஏரியாவில் இதே மாதிரி வண்டி ஓட்டியவர் மேல், ஏறிப் போனவரே கேஸ் போட்டுவிட்டார் என்று செய்தி வந்தது. மறுநாள் வேன் சாவி சங்கத்து மேஜையில் அநாதையாகக் கிடந்தது. ஆறு பேருக்கும் ஒரே நேரத்தில் முதுகுவலி. எனக்கும்தான்.

அப்போதுதான் சார் உள்ளே வந்தார். "சாவிய எடுங்கப்பா. ஒரு பேப்பர் ரெடி பண்றேன், வண்டி ஓடும்."

பேப்பர் நாலு பக்கம் இருந்தது. ஏறுமுன் எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும். சாலைப் பள்ளங்கள் இயற்கைச் சீற்றமாகக் கருதப்படும். ஜன்னல் சீட்டுச் சண்டைக்கு சங்கம் பொறுப்பல்ல. சகபயணி தன் மருமகளைப் பற்றிப் பேசுவதால் வரும் தலைவலிக்கும் பொறுப்பல்ல. சார் வேன் வாசலில் நின்று, கண்ணாடியை மூக்கில் ஏற்றி, முதல் வரியிலிருந்து வாசிப்பார். மூன்றாவது ஷரத்துக்குள் ஜனங்கள் பேனாவைப் பிடுங்கிக் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். எங்களைக் காப்பாற்றத்தான் அந்தப் பேப்பர் என்று நாங்களும் ஒரு வரிகூடப் படிக்கவில்லை.

அப்புறம் வந்தது என் முறை. சிவாஜிநகர் பக்கம் ஒரு ஸ்கூட்டர் குறுக்கே பாய, நான் பிரேக்கை அழுத்த, பின்னால் இருந்த டெய்லர் அந்தோணியின் வலது மணிக்கட்டு முறிந்தது. மறுநாள் அவர் மருமகன் எலெக்ட்ரானிக் சிட்டியிலிருந்து நேராக சங்கத்துக்கு வந்தார். கேஸ் போடுவேன், வேனை நிறுத்தாமல் விடமாட்டேன் என்றார். செல்வி அக்கா மூலையில் நின்று என் முகத்தையே பார்த்தார். விடிந்தால் அவருக்கு டயாலிசிஸ்.

சார், அந்தோணி கையெழுத்திட்ட பேப்பரை நீட்டினார். மருமகன் சிடுசிடுப்போடு படித்துக்கொண்டே போனவர், நாலாம் பக்கத்தில் நின்றார். இன்னொரு தடவை படித்தார். பிறகு சத்தமாகவே வாசித்தார்: 'ஓட்டுபவர் மீதோ சங்கத்தின் மீதோ வழக்குத் தொடுக்கக் கூடாது. நஷ்டஈடு கேட்பதானால் கீழே கண்ட என் ஒருவனிடமே கேட்கவும்.' கீழே சாரின் முழுப்பெயர், வீட்டு விலாசம்.

"என்ன சார் இது? உங்க வக்கீல் பார்த்தா திட்டுவாரே?" என்றார் மருமகன்.

"திட்டட்டும். யார் மேலயும் பொறுப்பு இல்லேன்னு எழுதினா ஏறறவங்களுக்கு அநியாயம். ஓட்டறவன் மேலன்னு எழுதினா வண்டியே நின்னுடும். செல்வி நாளைக்குப் போகணும் இல்ல?"

மருமகன் பேப்பரை மடித்து சாரிடமே திருப்பிக் கொடுத்தார். கேஸெல்லாம் வேண்டாம், மாவுக்கட்டு பிரிக்கும்வரை மாமனாரையும் இதே வேனில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள் என்றார். சார் உடனே புதுப் பேப்பர் எடுத்தார். வலது கை மாவுக்கட்டில் இருந்ததால் அந்தோணி வீட்டுக்கே போய் அவரிடம் இடது கட்டைவிரல் ரேகை, கூடவே இரண்டு சாட்சி.

அன்றைக்கே நாங்கள் ஆறு பேரும் சார் பெயருக்குக் கீழே எங்கள் பெயர்களையும் சேர்க்கச் சொன்னோம். படிக்காமல் கையெழுத்துப் போடுகிறவர்களோடு கூட்டு வேண்டாம் என்று சண்டை பிடித்தார். நாலு பக்கத்தையும் வாய்விட்டுப் படிக்க வைத்த பிறகுதான் பேனாவைக் கொடுத்தார். எத்தனையோ காகிதங்களில் என் பெயர் இருக்கிறது. அவர் பெயருக்குக் கீழே இருக்கிற அந்த ஒன்றைத்தான் என் பிள்ளைகளுக்குக் காட்டியிருக்கிறேன்.